தாய் பெயர் மாடத்தி

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பிறப்புப் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். பழைய கையெழுத்து புரியவில்லை, சார் வந்து வாசித்துக் காட்டினால் உதவியாக இருக்கும் என்றார்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தால் மாட்டேன் என்று சொல்ல மனம் வருமா? சட்டையை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன்.

டைப் செய்கிற பெண்ணின் பெயர் முப்பிடாதி. கெட்டிக்காரி. மூன்றாம் நாள் ஒரு பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“சார், இங்கன பாருங்க. தாய் பேரு வரியில ஒண்ணு இருக்கு, ஓரத்துல ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர்ல ஒரு கட்டந்தான் குடுத்திருக்காவ. எந்த அம்மாவ ஏத்தணும்?”

கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். இரண்டும் என் கையெழுத்துதான். வரியில் இருந்தது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. ஓரத்தில் இருந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து எழுதியது. முப்பிடாதிக்கு நான் சொன்ன பதில் நீளமாகப் போய்விட்டது. அன்றைக்கு அவள் வேலை கெட்டதுதான் மிச்சம். அதையே இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் பிறப்பு இறப்புப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அறை வாசலில் ‘பர்த்ஸ் அண்ட் டெத்ஸ்’ என்று ஆங்கிலத்தில் பலகை. பதிவேட்டுத் தலைப்புகளும் ஆங்கிலம். டேட் ஆஃப் பர்த், பிளேஸ் ஆஃப் பர்த் என்று பக்கம் முழுக்க அந்த ஒரே சொல். எனக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. நம் ஊரில் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கும், பசு கன்று ஈனும், கோழி குஞ்சு பொரிக்கும், வாழை குலை தள்ளும், விதை முளைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். இங்கிலீஷ்காரன் பிள்ளைக்கும் பர்த் என்கிறான், தேசத்துக்கும் பர்த் என்கிறான், ஒருவனுடைய குலம் கோத்திரத்தைச் சொல்லும்போதும் அதையே சொல்கிறான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் கோமதிநாயகம் சார். அவர்தான் எங்களுக்கு ரிஜிஸ்திரார். ஒல்லியான ஆள். மேஜை இழுப்பறையில் அட்டை கிழிந்த ஆங்கில அகராதி ஒன்று வைத்திருப்பார். சாரல் காலம் வந்துவிட்டால் விடிகாலையில் சைக்கிளை மிதித்துக் குற்றாலம் போய் மெயின் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு நேரே ஆபீசுக்கு வருவார். துண்டை நாற்காலி முதுகில் விரித்துப் போடுவார். அது காயும்வரை யார் மேலும் கோபப்பட மாட்டார். எங்களுக்கு அது தெரியும் என்பதால் லீவு கேட்பதெல்லாம் காலையில்தான்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு வாரம் பழைய பதிவேடுகளை வாசிக்கச் சொன்னார். இன்னொரு வாரம் மை ஒற்றச் சொன்னார். சாரல் நாளில் பதிவேட்டின் தாள் ஈரம் குடித்து உப்பிவிடும். எழுதினால் மை பரவும். ஒரு வரி எழுதி, ஒற்றுத் தாளை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, பத்து எண்ணி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பேனா முள்ளைத் தலைமுடியில் துடைக்கிற பழக்கமும் எனக்கு அவரிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது. இப்போது துடைக்க முடி இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. எழுதியதை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, மேலே எழுதக் கூடாது. தப்பு என்று பிறகு தெரிந்தால், விஷயம் தெரிந்த இரண்டு பேர் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதை வைத்து ரிஜிஸ்திரார் உத்தரவு போட்டால் பக்கத்தின் ஓரத்தில் திருத்தம் எழுதலாம். அப்போதும் பழைய வரி அப்படியே இருக்க வேண்டும். ‘மணி’ என்பதற்குப் பதில் ‘மாணி’ என்று விழுந்துவிட்டால்கூட இத்தனை கூத்தும் உண்டு. “ஒரு துணைக்கால அழிக்க இத்தன பாடா சார்?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். துண்டு காய்ந்துபோயிருந்த நேரம். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பர்த் என்ற அந்தச் சொல்லுக்கு அவர் எவ்வளவு மரியாதை கொடுத்தார் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு சீசனில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து குளிக்க வந்த நிறைமாதக்காரிக்கு, குற்றாலத்திலிருந்து திரும்பும்போது பஸ்சிலேயே வலி எடுத்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கி நிற்க, பெண்கள் சேலையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, பஸ்சிலேயே பிரசவம் ஆகிவிட்டது. பிள்ளையும் தாயும் நலம். ஆனால் பிள்ளை எந்த ஊரில் பிறந்தது? குற்றாலத்துப் பதிவேட்டிலா, இலஞ்சிப் பதிவேட்டிலா, எங்கள் பதிவேட்டிலா? மற்ற இரண்டு இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். கோமதிநாயகம் சார் கண்டக்டரைக் கூப்பிட்டு சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். நான் இன்னொரு சைக்கிளில் பின்னாலேயே போனேன்.

“எங்கன வேய் பொறந்துச்சு?”

“தலை தெரிஞ்சது இலஞ்சி வெலக்குல சார். அங்கன நிறுத்த எடமில்ல. முழுசா வந்தது இந்த மருத மரத்துக்கிட்ட.”

சார் இறங்கி மரத்தைச் சுற்றி வந்தார். எங்கள் ஊர் எல்லைக் கல் மரத்துக்கு இருபதடி முன்னாலேயே, இலஞ்சிப் பக்கம் இருந்தது. “முழுசா வெளிய வந்தாத்தான் பர்த். தலை தெரிஞ்சதுக்கெல்லாம் நம்ம பதிவேட்டுல எடமில்ல. பிள்ள நம்மது. எழுதும்வே சம்முவம்” என்றார். ‘தென்காசி–குற்றாலம் சாலை, மருத மரத்தடி’ என்று எழுதினேன். தன் ஊருக்கு ஒரு ஆள் கூடிவிட்ட சந்தோஷத்தில் கண்டக்டருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். எங்கே, எப்போது, யாருக்கு என்ற மூன்றும் சரியாக விழுந்தால்தான் அவருக்கு அது பிறப்பு. எங்கே, எப்போது என்ற இரண்டில் நான் ஒருபோதும் பிசகவில்லை. மூன்றாவதில்தான் விழுந்தேன்.

அந்தக் காலத்தில் வீட்டுப் பிரசவம்தான் அதிகம். பாதிப் பேர் பதிய வர மாட்டார்கள். அதனால் அம்மை குத்துகிறவரோடு நானும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவேன். குத்துக்கல்வலசை போகிற வழியில் ஒரு தெரு. அங்கே ஒரு வீட்டு நடையில் ஒரு அம்மாள் இருபது நாள் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அரிசி மில்லில் வேலை செய்கிறவள் போலிருக்கிறது, தலையில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருந்தது.

“பிள்ள யாருக்குப் பொறந்தது?” என்று கேட்டேன்.

“எம்புள்ளதான் தம்பி.”

“உங்க பேரு?”

“மாடத்தி. பிள்ளைக்கு பிச்சம்மா.”

“தகப்பனார் பேரு?”

அவள் வாயை மூடிக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் அப்போது பெண்களுக்குக் கிடையாது. எனக்கு இது தினமும் நடப்பதுதான். தெருவில் போன ஒருவரை நிறுத்தி, “இந்த வீட்டுக்காரர் பேர் என்னய்யா?” என்று கேட்டேன். “ஆறுமுகம். சிங்கப்பூருக்குப் போயிருக்கான்” என்றார். எழுதிக்கொண்டேன். தகப்பன் ஆறுமுகம், தாய் மாடத்தி. மாடத்தியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த வீட்டுக்குள், கதவுக்குப் பின்னால், ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை அழுததும் அவளுடைய சேலை முன்புறம் நனைந்ததைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தான். பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையைப் பிறந்த கையோடு வேறு ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லாம் நிலைத்த ஒருத்தியாகப் பார்ப்பார்கள். அவள் ஒரு படி தவிட்டைக் கொட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். வளர்வது பெற்றவளிடம்தான், பால் கொடுப்பதும் அவள்தான். ஆனால் பேச்சில் பிள்ளை வாங்கியவளுடையது. பெற்றவள் ‘என் பிள்ளை’ என்று வாய் திறந்து சொல்லவே மாட்டாள், பிள்ளையும் அவளை அம்மா என்று கூப்பிடாது. சொன்னால் எமனுக்குக் கேட்டுவிடும். இதெல்லாம் தெரிந்திருந்தும், வெயிலில் நின்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்த நேரம் புத்தி வேலை செய்யவில்லை.

மாடத்தி பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய புருஷன் வேறு ஆள், வண்டி ஓட்டுகிறவர். ஏழு பிள்ளைகள், ஏழும் நன்றாக இருந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்றவள்தான் ஆறுமுகத்தின் மனைவி செண்பகம். ஆக, நான் எழுதிய வரிப்படி செண்பகத்தின் புருஷனுக்கும் பக்கத்து வீட்டு மாடத்திக்கும் ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது.

பத்து வருஷம் அந்த வரி யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. பிறகு ஒருநாள் செண்பகத்தின் அண்ணன் பிறப்புச் சான்று கேட்டு வந்தார். சிங்கப்பூரிலிருந்து ஆறுமுகம் எழுதியிருந்தார். பெண்டாட்டியையும் பிள்ளையையும் அங்கே அழைத்துக்கொள்ள இப்போது வழி கிடைத்திருக்கிறது, பிள்ளைக்கு இன்னும் வயது ஏறினால் கிடைக்காது, சீக்கிரம் சான்று அனுப்புங்கள் என்று. பிள்ளைக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனவர். அவர் எடுத்து அனுப்பிய போட்டோவைத் தவிர அந்தப் பெண்ணுக்குத் தகப்பன் முகம் தெரியாது. நான் வழக்கம்போல வரியைப் பார்த்துப் பார்த்து நகல் எழுதினேன். நம்பரைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், பெயர்களின் அர்த்தத்தைப் பார்க்கவில்லை. சார் முத்திரை போட்டார். கொடுத்தனுப்பிவிட்டோம்.

அரை மணி நேரத்தில் அந்த அண்ணன் திரும்பி வந்தார். யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

“என்னவே எழுதி வச்சிருக்கீரு? எங்க மச்சானுக்கும் மாடத்திக்கும் புள்ளையா? இத சிங்கப்பூருக்கு அனுப்புனா எந்தங்கச்சி வாழ்வாளா?”

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.  கோமதிநாயகம் சார் எழுந்து போய் அந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்தார். பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். வெளியாள் முன்னால் அவர் யாரையும் திட்ட மாட்டார். “கையெழுத்து நல்லா இருக்குவே சம்முவம்” என்றார். அறைந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

“ஒண்ணும் பயப்படாதீங்க. திருத்திரலாம்” என்று அண்ணனைச் சமாதானப்படுத்தினார். “பெத்தவங்க வந்து, நாந்தான் பெத்தேன்னு ஒரு வாக்குமூலம் குடுக்கட்டும். கூட இன்னொரு ஆளும் வரட்டும்.”

மறுநாள் செண்பகம் வந்தாள். முப்பது வயதைத் தாண்டியிருந்தாள், அதிகம் பேசாதவள். சார் எழுதி வைத்திருந்ததை நான் வாசித்தேன். “மேற்படி குழந்தை என் வயிற்றில் பிறந்தது” என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“நான் அதச் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி.”

“உள்ளதத்தானம்மா சொல்லச் சொல்லுதோம்.”

“மூணு புள்ளைய எம்புள்ள எம்புள்ளன்னு சொல்லித்தான் தூக்கிக் குடுத்தேன். இதையும் சொல்லச் சொல்லுதீகளா?”

அவள் அண்ணன் சத்தம் போட்டார். அவள் அசையவில்லை. “நான் வேணா போகல. அவ அப்பாகிட்ட அவளக் கொண்டு விட்ருங்க. நான் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

 சார் என்னைப் பழைய பதிவேடுகளை எடுக்கச் சொன்னார். பிறப்புப் பதிவேடுகளில் தேடி மூன்று வரிகளைக் கண்டுபிடித்தேன். மூன்றிலும் தகப்பன் ஆறுமுகம், தாய் செண்பகம். பிறகு இறப்புப் பதிவேடுகளை எடுத்தேன். அந்த மூன்றும் அங்கேயும் இருந்தன. ஒன்று எட்டு நாள், ஒன்று பதினோரு நாள், ஒன்று ஒன்பது மாதம். தாய் பெயர் செண்பகம் என்று எழுதிய வரி ஒவ்வொன்றுக்கும் இறப்புப் பதிவேட்டில் ஒரு ஜோடி இருந்தது. ஜோடி இல்லாத ஒரே வரி, மாடத்தி என்று நான் தப்பாக எழுதியதுதான். பத்து வருஷமாக அந்த அலமாரிகளோடு பழகியவன் நான். இப்படி ஒரு கணக்கை அதுவரை பார்த்ததில்லை. மூட நம்பிக்கை என்று யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். நான் அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

“பெத்தவதான் சொல்லணும்னு சட்டத்துல இல்ல. வெஷயம் தெரிஞ்ச ரெண்டு பேரு சொன்னாப் போதும்” என்றார் சார், விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே. “பேறு பாத்த மருத்துவச்சி ஒண்ணு. இன்னொண்ணு மாடத்தி. நீரு கெடுத்தது, நீரே போய்க் கேளும்.”

மருத்துவச்சி கடையத்தில் மகன் வீட்டில் இருந்தாள். பஸ் பிடித்துப் போனேன். கண் மங்கியிருந்தாலும் ஞாபகம் மங்கவில்லை. “செண்பகத்துக்கு நாலாவது பேறு. கொடி சுத்திப் பொறந்தது. நாந்தான் எடுத்து மாடத்தி மடியில போட்டேன். தவிட்டக் கொட்டுனதும் நாந்தான்” என்று கடகடவென்று சொல்லிக் கைநாட்டும் வைத்தாள். ஒரு வேலை முடிந்தது.

மாடத்தியைத் தேடி அரிசி மில்லுக்குப் போனேன். புழுங்கல் நெல்லைக் களத்தில் பரத்திக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். காலால் நெல்லைக் கிளறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

“என்ன சொல்லச் சொல்லுத தம்பி? எம்புள்ள இல்லன்னா?”

“பெத்தது நீங்க இல்லன்னு மட்டும் சொன்னாப் போதும் அக்கா.”

“அவளுக்குப் பொறந்ததெல்லாம் மண்ணுக்குள்ள போச்சு. எனக்குப் பொறந்தது நிக்குது. நான் தவிடு கொட்டுன அன்னைக்கித்தான் அவ பொறந்தா. அதுக்கு முந்தி அங்கன கெடந்தது வேற புள்ள, அது சாகப் போற புள்ள.” களத்தின் ஓரத்துக்கு வந்து நின்று என்னை நேராகப் பார்த்தாள். “இன்னைக்கி நான் எனக்கில்லன்னு சொல்லி, நாளைக்கி கப்பல்ல அவளுக்குக் காய்ச்சல் கண்டா, நீ வந்து பதில் சொல்லுவியா?”

 ஆபீசுக்கு வந்து சாரிடம் சொன்னேன். அவர் இழுப்பறையிலிருந்து அகராதியை எடுத்து பர்த் என்ற சொல்லைத் திறந்துவைத்துக்கொண்டார். உடலிலிருந்து வெளிவருதல் என்று ஒரு பொருள், வழி வந்த குலம் என்று ஒன்று, ஒன்றின் தொடக்கம் என்று ஒன்று. “அவ சொல்லுததும் இதுக்குள்ளதான்வே இருக்கு” என்றார். “ஆனா நம்ம பதிவேட்டுக்கு முதல் அர்த்தம் மட்டுந்தான்.” அகராதியை மூடி உள்ளே வைத்தார். சிங்கப்பூர் கடிதம் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தகப்பனோடு சேராமலே அந்தப் பெண் வளர்ந்துவிடுவாள், அதற்குக் காரணம் என் ஒரு வரி என்ற நினைப்பிலேயே இருந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம், நல்ல சாரல். மாடத்தி கோணிப்பையை மடித்துத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தானாகத்தான் வந்திருந்தாள்.

“பிச்சம்மா ராவும் பகலும் அந்தப் போட்டோவையே பாத்துக்கிட்டுக் கெடக்கா. எனக்குப் பாக்கச் சகிக்கல” என்றாள். “அந்த எழுத்தக் காட்டு தம்பி. எதப் போய் அழிக்கப் போறீங்கன்னு பாக்கணும்.”

பதிவேட்டை எடுத்து விரித்து வரியைக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. கைநாட்டைக் கண்டுகொண்டாள். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அதைத் தொட்டாள்.

“அழிக்க மாட்டோம் அக்கா” என்றேன். “அழிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. உங்க பேரு வரியில அப்படியே இருக்கும். செண்பகத்துப் பேர இந்த ஓரத்துலதான் எழுதுவோம்.”

“சுரண்ட மாட்டீகளே?”

“சுரண்டுனா எனக்கு வேலை போயிரும்.”

“கோடு கீடு போட்டு அடிப்பீகளா?”

“கோடும் போட மாட்டோம்.”

“எத்தன நாளைக்கு இப்படி இருக்கும்?”

நான் சாரைப் பார்த்தேன். “நான் போயி, சம்முவம் போயி, அதுக்குப் பெறகும் இருக்கும்மா” என்றார் அவர். இத்தனை வருஷம் அந்த விதியை வைத்து எங்களை அவர் அரித்தெடுத்தபோதெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த விதியை எழுதியவன் யாராக இருந்தாலும் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மாடத்தி பெஞ்சில் உட்கார்ந்தாள். “சரி, எழுது. நான் சொல்லுத மாதிரிதான் எழுதணும்” என்றாள். சாரே பேனாவை எடுத்தார்.

“வயித்துல சொமந்தது செண்பகம். தவிடு கொட்டி வாங்குனது நான். வாங்குனதுலேர்ந்து எம்புள்ள.”

ஓரத்தில் எழுதுவதற்கு முதல் வாக்கியம் மட்டும் போதும். மற்ற இரண்டும் தேவையில்லாதவை. தேவையில்லாத ஒரு சொல்லைக்கூட ஆபீஸ் தாளில் விடாத மனிதர் கோமதிநாயகம் சார். அன்றைக்கு மூன்றையும் வாக்குமூலத்தில் எழுதி, அவளுக்கு வாசித்தும் காட்டினார். அவள் தலையாட்டிக் கைநாட்டு வைத்தாள். திருத்தத்துக்கு உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்தார்.

ஜன்னல் வழியாகத் தற்செயலாக வெளியே பார்த்தேன். எதிரில் இருந்த கடைத் தாழ்வாரத்தில் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காதையும் விரலால் அடைத்திருந்தாள். உள்ளே யாராவது அந்த வார்த்தையைச் சொல்லி அது தன் காதில் விழுந்துவிடக் கூடாது என்று அப்படி நின்றிருக்கிறாள். மாடத்தி வெளியே போய் அவள் கையை இழுத்துவிட்ட பிறகுதான் விரலை எடுத்தாள். இரண்டு பேரும் ஒரே கோணிப்பையைத் தலையில் பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள்.

நான் ஓரத்தில் எழுதினேன். தாள் ஈரமாக இருந்ததால் சின்ன எழுத்தாக, நிதானமாக எழுதினேன். ஒற்றுத் தாளை வைத்து அழுத்திப் பத்துக்குப் பதில் இருபது எண்ணினேன். நகலில் வரியும் வந்தது, ஓரமும் வந்தது. அதை வைத்து அனுமதியும் வந்தது. ஆவணி முடிவதற்குள் தாயும் மகளும் கப்பல் ஏறிவிட்டார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளை எழுதியிருக்கிறேன். பஸ்சில் வரும்போது யாராவது, “என்னைய நீங்கதான் எழுதுனீங்களாம்” என்று சொல்லி எழுந்து இடம் கொடுப்பார்கள். அதைவிட ஒரு குமாஸ்தாவுக்கு வேறு என்ன வேண்டும்? எனக்கு ஒரு குறையும் இல்லை. முப்பிடாதியிடம், கட்டத்தில் செண்பகம் பெயரைப் போடு, அதுதான் சட்டப்படி சரி என்று சொன்னேன். அவள் தட்டினாள். பிறகு என்னைக் கேட்காமலே, கீழே ‘குறிப்பு’ என்று இருந்த கட்டத்துக்குப் போய் மாடத்தி பெயரையும் தட்டினாள். கெட்டிக்காரி என்று முதலிலேயே சொன்னேனே.

அவளிடம் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் கப்பல் ஏறிய அடுத்த தை மாதம் மாடத்தி மறுபடி ஆபீசுக்கு வந்தாள். சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பிச்சம்மா பள்ளிக்கூடம் போகிறாள், ஒரு காய்ச்சல் தலைவலி இல்லை என்றாள். ரயில் ஏற்றிவிடும்போது, “கடலத் தாண்டுன பெறகு செண்பகத்த அம்மான்னு கூப்பிட்டுக்கோ, எமனுக்கு அந்த ஊரு வெலாசம் தெரியாது” என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பினாளாம். இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, தனக்கும் அந்தச் சான்றில் ஒரு நகல் வேண்டும் என்றாள்.

“நீங்க பெறலன்னு எழுதியிருக்கிற தாளு அக்கா அது. அத வச்சு என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டேன்.

“எம்பேரு எங்கன இருக்கு, வரியிலயா ஓரத்துலயா?”

“வரியில.”

“அப்பக் குடு.”

எழுதிக் கொடுத்தேன். அவள் விரலைப் பிடித்து அந்தப் பெயரின் மேல் வைத்துக் காட்டினேன். தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்து இறுக்கிக் கட்டி, இடுப்பில் செருகிக்கொண்டு, மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்து போனாள்.